மருந்தும் லாகிரியும்

மருந்துக்காக அன்றி வேறு காரியங்களுக்கு மது வகைகளையும், உடலுக்குக் கேடு விளைக்கும் லாகிரி வஸ்துக்களையும் உபயோகிப்பதை விலக்குவதற்கு ராஜாங்கம் முயல வேண்டும் என்பது நமது அரசியல் சட்டத்தின் 47-வது ஷரத்தின் சாரம். இந்த ஷரத்தில் அடங்கிய விலக்கைப் பற்றி மேடைகளிலும் பத்திரிகைகளிலும் ஏராளமாகப் பேசப்பட்டிருக்கிறது. ஆனால் ‘மருந்துக்காக அன்றி’ என்ற இரண்டு சொற்களைப் பற்றிப் பேசுவோர் மிகச் சிலரே. எது மருந்து, எது லாகிரி? அதை நிர்ணயிப்பவர் யார்? நோயாளியா, வைத்தியரா, வியாபாரியா, போலீஸ்காரரா? இந்தக் கேள்விக்கு நேர்மையான விடை காணாததால் நமது தேசம் ஒரு முறையன்று, இரு முறை வழி தவறியிருக்கிறது. ஒரு முறை, மருந்தென்ற பெயரால் லாகிரி ஊரெங்கும் விற்கப்பட்டது. மற்றொரு முறை, லாகிரி என்ற பயத்தால் மருந்து நோயாளிக்கு மறுக்கப்பட்டது. முதல் தவறு அந்நிய ஆட்சி செய்தது. இரண்டாவது தவறு நாமே செய்தது. இரண்டையும் ஒருங்கே வைத்து ஆராய்வது தேச ஊழியர்களின் கடமை என்று நாம் கருதுகிறோம்.

முதலில் அந்நியர் கதையைப் பார்ப்போம். அபினி விற்பனை ஒரு காலத்தில் நிலவரியோடும் உப்பு வரியோடும் சேர்த்து எண்ணப்பட்ட பெரிய வருமானமாக இருந்தது. 1820-ல் காஸிப்பூரில் நிறுவப்பட்ட அபினித் தொழிற்சாலை சீன தேசத்திற்காகவே இரவு பகலாக உழைத்தது. அந்த வியாபாரத்தைக் காப்பதற்காக 1839-லும் 1856-லும் சீனாவின் மீது யுத்தங்கள் தொடுக்கப்பட்டன. பிரிட்டனிலேயே மனச்சாட்சியுள்ளவர்கள் இதைக் கண்டித்துக் கிளர்ச்சி செய்ததன் பேரில், 1893-ல் ராயல் கமிஷன் ஒன்று நியமிக்கப்பட்டது. 1895-ல் வெளிவந்த அதன் அறிக்கை என்ன கூறிற்று? இந்திய ஜனங்கள் அபினியைப் பெரும்பாலும் அளவோடு உண்கிறார்கள், மலேரியா முதலிய நோய்களுக்கு அதை வீட்டு மருந்தாகக் கையாளுகிறார்கள், எனவே வைத்தியத் தேவைக்கு மாத்திரம் அதை ஒதுக்கி மற்றதைத் தடை செய்வது அவசியமில்லை என்று கூறிற்று. ஹென்றி வில்ஸன் என்ற ஓர் அங்கத்தினர் மட்டும் இதற்கு உடன்படாமல் தனிக் குறிப்பு எழுதினார். அவருடைய குரல் பொக்கிஷத்தின் காதில் ஏறவில்லை.

அந்த அறிக்கையில் ஓர் உண்மையும் இல்லை என்று நாம் சொல்ல மாட்டோம். வைத்தியரைக் கண்ணால் காணாத கிராமத்தில் வயிற்றுப் போக்குக்கும் கீல் வாயுவுக்கும் கிழவர்கள் ஒரு சிட்டிகை அபினியை நாடியது உண்மையே. நமது சித்த வைத்தியமும் ஆயுர்வேதமும் அபினியையும் கஞ்சாவையும் அறிந்தவை. சுத்தி செய்து, அளவறிந்து, துணை மருந்துகளோடு சேர்த்துக் கொடுக்க வேண்டிய சரக்குகளாக அவற்றை வகுத்தவை. ஆனால் வைத்தியர் தம் பொறுப்பில் நோயறிந்து கொடுப்பதும், லைசென்ஸ் பெற்ற கடையில் வருவோர்க்கெல்லாம் சர்க்காரே விற்று லாபம் எடுப்பதும் ஒன்றாகுமா? வைத்தியசாலையைக் கட்டிக் கொடுக்காத ஆட்சி, வைத்தியசாலை இல்லாததையே காரணமாகக் காட்டி அபினிக் கடையை நடத்தியது. அந்த வாதத்தின் அநியாயம் இங்கேதான் இருக்கிறது.

இதனினும் உருக்கமான உதாரணம் ஒன்று உண்டு. பம்பாய் நூல் ஆலைகளில் வேலைக்குச் சென்ற தாய்மார்கள், தங்கள் கைக்குழந்தைகளுக்குப் ‘பால கோலி’ என்ற அபினி மாத்திரையைக் கொடுத்துத் தூங்க வைத்துவிட்டுப் போன செய்தி 1920-களில் அடிக்கடி பிரஸ்தாபிக்கப்பட்டது. அந்த மாத்திரை மருந்தா, லாகிரியா? குழந்தைக்கு நோய் எதுவுமில்லை. அதற்கு வந்தது பசியும் தாயின் பிரிவும்தான். தாயும் கெட்டவள் அல்லள். அவளுக்கு விடுமுறையும் இல்லை, குழந்தையைப் பார்த்துக் கொள்ள ஆளும் இல்லை. இங்கிலாந்தின் ஆலை நகரங்களிலும் சென்ற நூற்றாண்டுக்கு முந்திய நூற்றாண்டில் ‘காட்பிரே கார்டியல்’ என்ற அபினிப் பானம் இதே காரியத்துக்கு உபயோகப்பட்டது. ஏழ்மையையும் களைப்பையும் நோய் என்று பெயரிட்டு, அவற்றுக்கு லாகிரியை மருந்தாக விற்பது எந்தத் தேசத்திலும் எளிதில் நடக்கிற காரியம் என்பதற்கு இவை சாட்சிகள்.

1924, 1925-ம் வருஷங்களில் ஜினீவாவில் சர்வதேச சங்கத்தின் ஆதரவில் கூடிய அபினி மகாநாட்டில் இந்த வாதம் உலக அரங்கில் ஏறியது. வைத்தியத்திற்கும் விஞ்ஞானத்திற்கும் தவிர அபினி உற்பத்தியே கூடாது என்று அமெரிக்கப் பிரதிநிதிகள் வற்புறுத்தினர். இந்திய சர்க்காரின் பெயரால் பேசியவர்களோ, இந்திய ஜனங்கள் அபினி உண்பது பாதி வைத்தியம் போன்ற பழக்கம், அதை அந்நியர் தீர்மானிக்கலாகாது என்றார்கள். அமெரிக்கப் பிரதிநிதிகள் 1925 பிப்ரவரியில் வெளியேறினர். இந்திய ஜனங்களின் பெயரால் பேசிய அவர்கள் இந்திய ஜனங்களைக் கேட்டார்களா? கேட்டவர்கள் வேறு. 1921-ல் அஸ்ஸாமில் சுற்றுப் பிரயாணம் செய்த மகாத்மா காந்தி அபினியை விட்டொழிக்கும்படி ஜனங்களைக் கேட்டுக் கொண்டார். பின்னர் காங்கிரஸ் அங்கே ஒரு விசாரணைக் கமிட்டியை அமைத்தது. தீனபந்து ஆண்ட்ரூஸ் அதற்கு உறுதுணையாக நின்றார். 1925-ல் வெளிவந்த அந்தக் கமிட்டியின் அறிக்கையை இன்றைய ஊழியர்களும் எண்ணிப் பார்க்க வேண்டும். அபினி விற்பனை வைத்தியத் தேவைக்கும் விஞ்ஞானத் தேவைக்கும் குறுக்கப்பட வேண்டுமென்று சொன்ன அதே கமிட்டி, நாற்பது வயது கடந்த பழக்கக்காரர்களைத் தனியாகப் பதிவு செய்து அவர்களுக்கு வேறு ஏற்பாடு செய்ய வேண்டுமென்றும் சொல்லிற்று. விற்பவனிடம் கடுமை, பழகிவிட்டவனிடம் கருணை என்ற நீதியை நமது முன்னோர் அன்றே கண்டனர்.

1926-ல் இந்திய சர்க்கார் வைத்தியமல்லாத அபினி ஏற்றுமதியைப் படிப்படியாகக் குறைத்து 1935-க்குள் நிறுத்துவதாக அறிவித்தது. சுதந்திரம் பெற்ற பின் 1949-ல் கூடிய அகில இந்திய அபினி மகாநாடு, உள்நாட்டிலும் வைத்தியத்திற்கன்றி அபினி உபயோகத்தைப் பத்து வருஷத்தில் ஒழிப்பதென்று முடிவு செய்தது. 1959 மார்ச் 31-ந் தேதி அதற்குக் கெடுவாயிற்று. இது பெருமைக்குரிய வரலாறு என்பதில் நமக்கு ஐயமில்லை.

ஆனால் பெருமையோடு நிறுத்திவிட முடியவில்லை. 1985 நவம்பரில் அமலுக்கு வந்த போதை மருந்துச் சட்டம், கள்ளக் கடத்தலை அடக்கும் நோக்கத்தோடு, மிகக் கடுமையான தண்டனைகளை விதித்தது. கடுமை வேண்டியதே. ஆயினும் அந்தக் கடுமை எங்கே போய் விழுந்தது என்று பார்க்க வேண்டும். அபினியிலிருந்து எடுக்கும் மார்பின், தீராத வலிக்கு வைத்திய உலகம் அறிந்த தலைசிறந்த மருந்துகளில் ஒன்று. உலக சுகாதார ஸ்தாபனம் 1977-ல் வெளியிட்ட அத்தியாவசிய மருந்துப் பட்டியலிலேயே அது இடம் பெற்றது. 1986-ல் அதே ஸ்தாபனம் புற்றுநோய் வலிக்குப் படிப்படியாக மருந்து கொடுக்கும் முறையை வகுத்து, கொடிய வலிக்கு மார்பினைச் சிபார்சு செய்தது. உலகம் இவ்வாறு முன்னேறிய அதே காலத்தில் இந்தியாவில் நடந்தது என்ன? ஒரு ஆஸ்பத்திரி மார்பின் வாங்க வேண்டுமானால் வாங்கவும், கொண்டு வரவும், வைத்திருக்கவும் வெவ்வேறு இலாகாக்களிடம் வெவ்வேறு லைசென்ஸ்கள் பெற வேண்டியதாயிற்று. ஒன்று வருவதற்குள் மற்றொன்று காலாவதியாகும். கணக்கில் ஒரு மாத்திரை பிசகினால் சிறை என்ற அச்சம் வைத்தியர்களைப் பிடித்தது. மருந்துக் கடைகள் அதை வைப்பதையே விட்டன. நாட்டில் வைத்தியத்திற்குச் செலவான மார்பின் 1985-க்குப் பின் நூற்றுக்குத் தொண்ணூறுக்கு மேல் குறைந்து, 1997-ல் 18 கிலோவாக இளைத்தது. இவ்வளவு பெரிய தேசத்துக்கு, லட்சக் கணக்கான புற்றுநோயாளிகளுக்கு, 18 கிலோ!

இதில் உள்ள விபரீதத்தை வாசகர்கள் கவனிக்க வேண்டும். மத்தியப் பிரதேசத்திலும் ராஜஸ்தானிலும் உத்தரப் பிரதேசத்திலும் சர்க்கார் லைசென்ஸ் பெற்ற விவசாயிகள் அபினிச் செடி பயிரிடுகிறார்கள். அதன் விதைதான் நமது சமையலறைக் கசகசா. காயைக் கீறினால் வடியும் பால்தான் அபினி. சட்டப்படி அபினிப் பிசினை உற்பத்தி செய்து ஏற்றுமதி செய்யும் தேசம் இந்தியா. பிற தேசத்து நோயாளிகளின் வலியைத் தணிக்கும் சரக்கு நமது வயலிலிருந்து போகிறது. அந்த வயலுக்கு அடுத்த கிராமத்தில் புற்றுநோயால் துடிக்கும் குடியானவனுக்கு அது கிடைப்பதில்லை. சீனாவுக்கு அபினி அனுப்பிய காலத்தில் நமது வயல்கள் பாவத்துக்குக் கருவியாயின. இன்று அவை புண்ணியத்துக்குக் கருவியாகும்போது அந்தப் புண்ணியம் நமது வாசற்படியைத் தாண்டி வெளியே போய்விடுகிறது. லான்ஸெட் பத்திரிகை அமைத்த கமிஷன் 2017-ல் வெளியிட்ட கணக்கின்படி, உலகில் வருஷந்தோறும் விநியோகமாகும் இவ்வகை வலி மருந்து சுமார் 298 டன்; அதில் மிக ஏழை நாடுகளுக்குச் சென்றது ஒரு டன்னில் பத்தில் ஒரு பங்கு. வலியிலும் ஏழைக்கு ஒரு நீதி, செல்வனுக்கு ஒரு நீதியா?

இருளில் ஒரு விளக்கும் ஏற்றப்பட்டது. 1993-ல் கோழிக்கோட்டில் டாக்டர் எம். ஆர். ராஜகோபால், டாக்டர் சுரேஷ் குமார் முதலியோர் ஒரு சங்கம் அமைத்து, தீரா நோயாளிகளின் வலியைத் தணிக்கும் தொண்டைத் தொடங்கினர். ஊர்ப் பொதுஜனங்களே தொண்டர்களாகச் சேர்ந்தனர்; நோயாளிகளுக்கு மார்பின் மாத்திரை வீட்டிலேயே உட்கொள்ளக் கொடுக்கப்பட்டது. வீட்டுக்கு மார்பின் போனால் ஊரே லாகிரியில் மூழ்கும் என்று அஞ்சியவர்களுக்கு அந்தத் தொண்டு விடையாக அமைந்தது. கேரள சர்க்கார் 2008-ல் இதற்கென ஒரு கொள்கையையே வகுத்தது. 2014-ல் பார்லிமெண்டு சட்டத்தைத் திருத்தி, ‘அத்தியாவசியப் போதை மருந்துகள்’ என்ற தனி வகுப்பை உண்டாக்கிற்று. மார்பின் முதலிய ஆறு மருந்துகளுக்குப் பல லைசென்ஸ்களுக்குப் பதிலாக ராஜ்ய மருந்துக் கட்டுப்பாட்டு அதிகாரியின் ஒரே அங்கீகாரம் போதும் என்றாயிற்று. சட்டம் திருந்தியது, ஆனால் வைத்தியர் மனத்தில் முப்பது வருஷமாக ஊறிய பயம் கெஜட் அறிவிப்பினால் மறைந்து விடுமா?

எதிர்ப் பக்கத்து வாதத்தையும் நாம் மறைக்க விரும்பவில்லை. ‘கதவைத் திறந்தால் அமெரிக்காவின் கதி நமக்கும் வராதா?’ என்று கேட்பார்கள். கேட்க வேண்டிய கேள்விதான். 1996-ல் ஆக்ஸிகாண்டின் என்ற வலி மாத்திரை அங்கே சந்தைக்கு வந்தது. பழக்கமாகும் அபாயம் அதில் குறைவு என்று விளம்பரம் செய்து வைத்தியர்கள் நம்ப வைக்கப்பட்டனர். பொய்யான விளம்பரத்திற்காக அதைச் செய்த கம்பெனியைச் சேர்ந்தவர்கள் 2007-ல் கோர்ட்டில் குற்றத்தை ஒப்புக் கொண்டனர். முதுகு வலிக்கு மாத்திரை தின்றவர்கள் பழக்கத்துக்கு அடிமையாகி, பின்னர் ஹெராயினையும் பெண்டனிலையும் தேடிப் போயினர். 2021-ல் அந்நாட்டில் போதை மருந்து மிகுதியால் இறந்தவர்கள் ஒரு லட்சத்துக்கு மேல். ஹெராயினே 1898-ல் ஜெர்மானியக் கம்பெனி ஒன்றினால் இருமல் மருந்தாக விற்கப்பட்டதுதான் என்பதை நினைத்தால், இக்கதை புதிதன்று என்பது விளங்கும். ஆனால் அமெரிக்காவைக் கெடுத்தது, மரண வேதனையில் இருந்தவனுக்கு மார்பின் கொடுத்த கருணையன்று. லாப ஆசை வைத்தியரின் பேனாவைப் பிடித்து எழுதியதே அதைக் கெடுத்தது. ஜினீவாவில் பொக்கிஷத்தின் லாபம் மருந்தென்ற வேஷம் போட்டது. அமெரிக்காவில் பங்குதாரர்களின் லாபம் அதே வேஷத்தைப் போட்டது. வேஷக்காரன் செய்த குற்றத்துக்கு நோயாளியைத் தண்டிப்பது நியாயமாகாது.

நமது தேசத்திலும் இந்த வேஷம் பழக்கமானதே. 1937-ல் சேலம் ஜில்லாவில் ராஜாஜி மந்திரி சபை மதுவிலக்கை அமல் செய்த நாள் முதல், மருந்தென்ற பெயரில் மதுவைத் தேடுவோர் ஒரு கூட்டம் இருந்து வந்தது. மதுவிலக்குக் காலத்தில் தமிழ்நாட்டில் இஞ்சி டிங்சரை வயிற்று வலிக்காகக் குடித்தவர்களைக் காட்டிலும் மயக்கத்துக்காகக் குடித்தவர்களே அதிகம் என்பது வயது முதிர்ந்த வாசகர்களுக்கு நினைவிருக்கும். 1951-ல் பால்ஸாரா வழக்கில் சுப்ரீம் கோர்ட், சாராயம் கலந்த மருந்துகளையும் வாசனைப் பொருள்களையும் மதுவிலக்குச் சட்டத்தால் தடுப்பது செல்லாது என்று தீர்ப்பளித்தது. மருந்துக்குக் கதவைத் திறந்து வைத்தது அந்தத் தீர்ப்பு. கதவில் யார் நிற்பது என்ற பிரச்னை அப்படியே நின்றது. இன்று அதே பிரச்னை மாத்திரைகளின் உருவில் வந்திருக்கிறது. மத்திய சர்க்காருக்காக அகில இந்திய வைத்திய விஞ்ஞானக் கழகம் நடத்தி 2019-ல் வெளியிட்ட கணக்கெடுப்பில், 10 முதல் 75 வயது வரையிலுள்ளோரில் ஹெராயின் உபயோகிப்போர் நூற்றுக்கு 1.14, அபினி வகை மருந்துகளை வைத்தியத்துக்கன்றி உபயோகிப்போர் 0.96. கள்ளச் சந்தைக்கும் மருந்துக் கடைக்கும் உள்ள வித்தியாசம் எவ்வளவு குறைந்து விட்டது பாருங்கள்! கோடீன் கலந்த இருமல் மருந்தைச் சீசாவோடு குடிப்போரும், டபென்டடால் போன்ற வலி மாத்திரைகளைக் கரைத்து ஊசியில் ஏற்றிக் கொள்ளும் இளைஞர்களும் நமது நகரங்களில் பெருகியிருப்பதைப் போலீஸ் வழக்குகளே காட்டுகின்றன. டிராமடால் 2018-ல் போதை மருந்துச் சட்டத்தின் கீழ் கொண்டுவரப்பட்டது. ஒன்றைப் பூட்டினால் மற்றொன்று திறக்கிறது.

அப்படியானால் கோடு எங்கே இருக்கிறது? சரக்கில் இல்லை, ஒரே மார்பின் ஒருவனுக்கு நிம்மதி, மற்றொருவனுக்கு நாசம். அளவிலும் முழுவதும் இல்லை. அளவுக்கு மிஞ்சினால் அமிர்தமும் நஞ்சு என்பது பொன்மொழிதான். ஆனால் புற்றுநோயாளி ஒருவனுக்கு நாள் செல்லச் செல்ல வேண்டியிருக்கும் அளவு, பழக்கமில்லாத மனிதனைக் கொன்றுவிடக் கூடும். உபயோகிப்பவனின் எண்ணத்திலும் முழுவதும் இல்லை. மருந்தாகத் தொடங்கி லாகிரியாக முடிந்தவனும் உண்டு, லாகிரி என்று நாம் இகழ்வதில் தன் நோவை மறக்கத் தேடுகிறவனும் உண்டு. நமது எண்ணத்தில், கோடு பொறுப்பில் இருக்கிறது. நோயைப் பார்த்து, அளவைக் குறித்து, விளைவைக் கவனித்து, தேவை தீர்ந்ததும் குறைத்து நிறுத்துகிற ஒருவர் அருகில் நின்றால் அது மருந்து. யாரும் நில்லாத இடத்தில், அல்லது லாபம் மட்டும் நிற்கிற இடத்தில், அதே சரக்கு லாகிரியாகி விடுகிறது. இந்தப் பொறுப்பைச் சர்க்காரும் வைத்தியர்களும் சமூகமும் பகிர்ந்து கொள்ளாமல், போலீஸ் தடியினால் மட்டும் கோடு கிழிக்க முயன்றால் அது ஒருநாளும் நேராக விழாது.

ஆகையால் நாம் வற்புறுத்துவது இது. ஒவ்வொரு ஜில்லாத் தலைமை ஆஸ்பத்திரியிலும், பின்னர் ஒவ்வொரு தாலூகா ஆஸ்பத்திரியிலும், 2014-ம் வருஷத் திருத்தத்தின்படி அங்கீகாரம் பெற்று மார்பின் இடைவிடாமல் இருப்பில் இருக்க வேண்டும். இல்லையென்று கைவிரிப்பதை, சேலைன் இல்லையென்று கைவிரிப்பதைப் போன்ற குற்றமாகக் கருத வேண்டும். வலி தணிக்கும் வைத்தியத்தை எல்லா வைத்திய மாணவர்களும் நோயாளியின் கட்டிலருகே நின்று பயில வேண்டும். சட்டப்படி நடந்த வைத்தியரைக் கணக்குப் பிசகுக்காகக் குற்றவாளிபோல் நடத்தலாகாது. அதே சமயம், 2013-ம் வருஷ விதிப்படி குறிப்பிட்ட மருந்துகளுக்கு நோயாளியின் பெயரையும் வைத்தியரின் பெயரையும் எழுதி மூன்று வருஷம் காக்க வேண்டிய தனிப் பதிவேட்டை மருந்துக் கடைகள் உண்மையாக வைக்கின்றனவா என்று இன்ஸ்பெக்டர்கள் கடை கடையாகப் பார்க்க வேண்டும். சீட்டில்லாமல் பெட்டி பெட்டியாக விற்கிறவன் மீது சட்டம் முழுக் கனத்தோடும் இறங்கட்டும். பழக்கத்தில் விழுந்தவன் தானாகச் சிகிச்சைக்கு வந்தால் வழக்கிலிருந்து காக்கும் 64ஏ பிரிவு சட்டத்திலேயே இருக்கிறது. அதை அறிந்தவர் எத்தனை பேர்? அவன் போகச் சிகிச்சை நிலையம் எத்தனை ஊரில் இருக்கிறது? தேச ஊழியர்கள் தத்தம் ஊரில் இந்த இரண்டு கேள்விகளையும் கேட்கத் தொடங்கினால், அதுவே பெரிய தொண்டாகும்.

அன்று அஸ்ஸாமில் வீடு வீடாகச் சென்ற காங்கிரஸ் தொண்டர்கள் இரண்டு காரியங்களைச் செய்தார்கள்: கடைக்காரனுக்கு எதிரே நின்றார்கள், பழக்கக்காரன் பக்கத்தில் உட்கார்ந்தார்கள். இன்றும் நமக்கு வேறு வழியில்லை. லாகிரியை விற்கும் கையைத் தடுப்பதும், வலியில் துடிப்பவனுக்கு நீளும் கையைத் தடுக்காமலிருப்பதும் ஒரே தர்மத்தின் இரு பாகங்கள். ‘மருந்துக்காக அன்றி’ என்று எழுதிய நமது அரசியல் சட்டம் விலக்கை மட்டும் விதிக்கவில்லை. மருந்துக்கு வேண்டியதை மக்களுக்கு மறுக்கக் கூடாதென்ற வாக்குறுதியையும் அந்தச் சொற்களிலேயே கொடுத்திருக்கிறது. அந்த வாக்குறுதி நிறைவேறும் வரையில் மதுவிலக்கையும் போதை ஒழிப்பையும் பற்றி நாம் பேசும் பேச்சில் பாதி பாக்கியே நிற்கும்.